வெப்பமும் அலையடிக்கும்!

கேள்வி: திரவ ஹீலியத்தில் வெப்பம் ஒலியைப் போல அலையாகப் போகுமாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். சாதாரணப் பொருள்களில் வெப்பம் மெல்லப் பரவிக் கரைந்துபோகும், எதிரொலிக்கவெல்லாம் செய்யாது. ஆனால் ஹீலியத்தை 2.17 கெல்வினுக்குக் கீழே, அதாவது சுமார் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்வித்தால், அது பாகுத்தன்மையே (ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வே) இல்லாத மீபாய்மமும் சாதாரணத் திரவமும் கலந்ததுபோல நடந்துகொள்கிறது. வெப்பத்தைச் சுமப்பது சாதாரணப் பகுதி மட்டும்தான். ஓரிடத்தில் சூடேற்றினால் அது விலகி ஓட, மீபாய்மப் பகுதி எதிர்த்திசையில் உள்ளே வருகிறது, அதனால் மொத்த அடர்த்தி ஏறக்குறைய மாறாமல் வெப்பநிலை மட்டும் ஏறி இறங்கி அலையாக நகர்கிறது. இதற்கு 'இரண்டாம் ஒலி' என்று பெயர். (காதை வைத்தால் கேட்காது, வெப்பமானிதான் வேண்டும்!) இயற்பியலாளர்கள் டிஸாவும் லாண்டாவும் கணக்குப் போட்டுச் சொன்னதை 1944-இல் மாஸ்கோவில் பெஷ்கோவ் அளந்து காட்டினார். வேகம் வினாடிக்குச் சுமார் 20 மீட்டர், அதே திரவத்தில் சாதாரண ஒலி 200 மீட்டருக்கு மேல் பாயும்.