கரண்டு போய் வந்தா சர்வர் சான்ல (SAN, ஸ்டோரேஜுக்கான தனி நெட்வொர்க்) இருந்து பூட் ஆகலையா?

பிரதர், சுங்கை சிப்புட் செம்பனை ஆலை ஆபீஸ்ல மழைக்கு கரண்டு போய் வந்தா ரெண்டு ஈஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேர் சாஃப்ட்வேர்) சர்வரும் பூட் டிவைஸ் இல்லன்னு நிக்குது, கையால ரீஸ்டார்ட் பண்ணா எழும்புதுன்னு சொல்றீங்க, அப்போ ஸ்டோரேஜும் ஃபைபர் சுவிட்ச்சும் முழுசா எழும்புறதுக்கு முன்னாடியே சர்வர் தன்னோட பூட் லன்ன (LUN, ஸ்டோரேஜ்ல அதுக்கு ஒதுக்குன டிஸ்க் பகுதி) தேடிப் பாத்துட்டு விட்டுடுது, அவ்ளோதான். சர்வரோட பயாஸ் செட்டிங்ல கரண்டு வந்ததும் தானா ஆன் ஆகுறத நிப்பாட்டுங்க, முதல்ல சுவிட்ச், அப்புறம் ஸ்டோரேஜ், அது ரெடி ஆனப்புறம்தான் சர்வர்.

ஆனா ஒரு சர்வரோட பூட் லன் இன்னொண்ணுக்கும் தெரியுதுன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு அதுதான் பயமா இருக்கு! நாளைக்கு ரீஇன்ஸ்டால் பண்றப்ப தப்பான லன்ன செலக்ட் பண்ணிட்டா நல்லா ஓடுற சர்வர் போயிடும். ஒவ்வொண்ணுக்கும் தனி லன், ஈஎஸ்எக்ஸ்ஐ வெர்ஷன் 7ன்னா குறைஞ்சது 32 ஜிபி, அந்தந்த சர்வரோட எச்பிஏ (ஃபைபர் கார்டு) நம்பருக்கு மட்டும் தெரியுற மாதிரி இன்னிக்கே மாஸ்க் பண்ணிடுங்க.