கிணறு இறக்க முதல்

கேள்வி: கோப்பாயில் எங்கள் வளவுக் கிணறு இரண்டு வருடமாகச் சவர்க்கிறது. மோட்டர் போட்டு மிளகாய்த் தோட்டம் முழுக்க இறைத்தாலும் வற்றாது, ஆனால் தேத்தண்ணி வாயில் வைக்கேலாது. 15 அடி இறக்கு, காசு அனுப்புறன் என்கிறான் கனடாவில் இருக்கும் தம்பி. வளவின் மற்றக் கரையில் குழாய்க்கிணறு அடிப்போம் என்கிறார் என் கணவர். வீட்டில் ஒரே சண்டை. எது சரி, அக்கா?

பதில்: தங்கச்சி, இருவரும் ஒரே கேள்விக்குள் நின்றுதான் சண்டை பிடிக்கிறார்கள்: இன்னும் தண்ணீர் எங்கே கிடைக்கும்? தண்ணீர் காணாது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லையே. வற்றாத கிணற்றை ஏன் இறக்குவான்?

எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் இறங்கினாலே கீழிருந்து உப்பு நிறைய ஏறும். துலா மிதித்த காலத்தில் அதற்கு வழியில்லை. மோட்டர் இரண்டு மணித்தியாலத்தில் செய்துவிடும். இது தெரியாமல் நாங்களும் ஒரு கோடையில் கிணற்றுக்குள் துளை போட்டோம். அதன்பிறகு அந்தத் தண்ணீரில் பருப்பும் அவியவில்லை. அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஆகவே கேட்க வேண்டியது, எப்போது சவர்க்கிறது என்பது. ஒரு கிழமைக்கு விடிய மோட்டர் போட முதல் வாளியால் மேல்தண்ணீர் அள்ளி ஒரு போத்தலில் வையுங்கள். இறைத்து முடிந்ததும் இன்னொன்று. இரண்டையும் கணவருக்கும் குடிக்கக் கொடுங்கள். விடியத் தண்ணீர் நல்லதென்றால் குறை இறைப்பில்தான். குழாயின் அடியை உயர்த்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறையுங்கள். குடிக்கிற தண்ணீரை விடியவே அள்ளி வைத்துவிடலாம்.

இரண்டும் மாரியிலும் சவர்த்தால் அது வேறு கதை. அது உப்பாறு என்ற கடல்நீரேரியும், அதற்குள் கடல்தண்ணீர் வராமல் மறிக்கிற அரியாலைத் தடுப்பணையும் வரை போகும், உங்கள் வளவுக்குள் தீராது. அயலவர் கிணறுகளையும் கேட்டுப் பாருங்கள்.

தம்பியின் காசைத் திருப்ப வேண்டாம். ஐப்பசிக்கு முதல் கூரைக்குப் பீலி போட்டு ஒரு தொட்டி கட்ட அது உதவும். குழாய்க்கிணற்றுக்காரர் முற்பணம் கேட்டால் மட்டும், போத்தல் பார்க்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.