இரும்பு ரேக்கை ஒர்க் பெஞ்ச் ஆக்கறது எப்படி? கேளுங்க, சொல்றேன்

கார் ஷெட்ல ஒரு பழைய ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கை (கால் முழுக்க வரிசையா ஓட்டை போட்ட, தட்டை போல்ட் பண்ற இரும்பு ரேக்) வெட்டி பெஞ்ச் ஆக்கி வருஷக்கணக்கா அதுலதான் தட்டிட்டு இருக்கேன். சந்தேகம் இருந்தா கேளுங்க.

கேள்வி: அண்ணா, 6 அடி உயரம், 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்துல ரேக் ஒண்ணு சும்மா கிடக்கு. நாலு காலையும் பாதியா வெட்டிரலாமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. பின்கால் ரெண்டும் 6 அடியாவே நிக்கட்டும். முன்கால்ல ஒண்ண மட்டும் நடுவுல வெட்டுனா 3 அடி துண்டு ரெண்டு கிடைச்சுரும், முன்பக்கத்துக்கு அது போதும். நாலாவது கால் முழுசா மிச்சம், அத ஆக்கர்கடைக்கு போட்றாதீங்க, அதுக்குத்தான் பெரிய வேலை இருக்கு. வெட்டறதுக்கு முன்னாடி பின்கால் பக்கத்துல வச்சு ஓட்டைக்கு ஓட்டை நேரா வருதான்னு பார்த்து மார்க் பண்ணுங்க, இல்லேன்னா தட்டு சாஞ்சுதான் உக்காரும். மேல நீட்டிட்டு இருக்கற பின்கால்ல ஒரு ப்ளைவுட் துண்டு மாட்டி ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் தொங்க விடலாம். அங்க அகலமா தட்டு மட்டும் வேண்டாம், நிமிரும்போது மண்டைல இடிக்கும். எனக்கு ரெண்டு தடவை இடிச்சுது.

கேள்வி: உயரம் எவ்வளவு சார்?

பதில்: நேரா நின்னு கைய தொங்க விடுங்க, மணிக்கட்டு எங்க வருதோ அதான். ஆளுக்கு ஆள் இது மாறும்.

கேள்வி: நான் ஏற்கெனவே பண்ணிட்டேன்ணா, ரம்பம் போட்டா பெஞ்ச் ஊஞ்சல் மாதிரி ஆடுது. கால் தகடு மெலிசோ?

பதில்: தகடு பிரச்சினை இல்லைங்க. ரேக்குங்கறது மேல இருந்து வர்ற பாரத்தை தாங்கறதுக்கு செஞ்சது, நம்ம ரம்பம், அரம்னு பக்கவாட்டுல தள்றோம், அதை தாங்க அதுல ஒண்ணுமே கிடையாது. குறுக்கே சாய்வா ஒரு கம்பி போனாத்தான் நிக்கும். மேல சொன்ன மிச்சக்கால் இருக்குல்ல, அதுல 4 அடி வெட்டி முதுகுப்பக்கம் ஒரு பின்கால்ல இருந்து இன்னொரு பின்காலுக்கு சாய்வா போல்ட் பண்ணுங்க, மீதி 2 அடிய ரெண்டு துண்டாக்கி ரெண்டு பக்கவாட்டுலயும் சாய்வா முட்டுக் குடுங்க. போல்ட்டை எல்லாம் முதல்ல லூசா விட்டு, ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப் வச்சு அளந்து சமமா வந்த பிறகு முறுக்கணும். பின்கால் ரெண்டையும் சுவத்துல ஆங்கர் போல்ட் போட்டு பிடிச்சுட்டா அப்புறம் அசையவே அசையாது.

கேள்வி: தட்டு மேலயே வேலை பார்க்கலாமா? கடைல ஒரு தட்டு 100 கிலோ தாங்கும்னாங்க.

பதில்: அது பாரத்தை பரவலா வச்சா. ஒரே இடத்துல சுத்தியால அடிச்சா குழி விழும், சத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரர் வந்துருவாரு. 18 எம்எம் ப்ளைவுட் ரெண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி போடுங்க, முன்பக்கம் 2 இன்ச் வெளிய நீட்டி விட்டா கிளாம்ப் மாட்ட வசதி. எம்டிஎஃப் (மரநாரை அழுத்தி செஞ்ச பலகை) வேண்டாம், மழைல சாரல் பட்டா ஊதிரும்.

கேள்வி: வைஸ், அதான் பொருளை இறுக்கிப் பிடிக்கற இடுக்கி, எங்க மாட்டறது?

பதில்: முன்கால் ஒண்ணுக்கு நேர் மேல. நடுவுல மாட்டுனா ப்ளைவுட் எகிறும். போல்ட் ப்ளைவுட்டையும் தட்டையும் துளைச்சு கீழ இறங்கணும், அடில சின்ன வாஷர் பத்தாது, கனமான பட்டைத் தகடு ஒண்ணு குடுங்க. கீழ்த்தட்டுல மிச்சமான டைல்ஸ் பெட்டிய அடுக்கிட்டா பெஞ்ச் நகராது.

கேள்வி: அண்ணே, இரும்பு பெஞ்ச்ல ட்ரில்லிங் மெஷின் வச்சா ஷாக் அடிக்குமா?

பதில்: ஒயர் தோல் உரிஞ்சிருந்தா அடிக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனை கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கற லைன்லயே பிளக் போடுங்க, ஒயரை வெட்டுன விளிம்பு மேல இழுக்காதீங்க.

கேள்வி: கால் வெட்டுன இடம் துருப்பிடிக்காதா?

பதில்: பிசிறை அரத்தால தேச்சுட்டு ரெட் ஆக்சைடு அடிச்சு, பிளாஸ்டிக் ஷூ மாட்டிருங்க. இரும்பு வெட்டற கிரைண்டர் போடும்போது கண்ணாடி கட்டாயம், காரை வெளிய எடுத்துருங்க. தூளை அன்னிக்கே கூட்டிருங்க, ராத்திரி ஈரம் பட்டு டைல்ஸ்ல துருக்கறை ஏறிரும். எங்க வீட்ல இன்னும் போகல, அதுக்கு இன்னும் திட்டு விழுது.