யார் மாற வேண்டும்?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையை அண்மையில் ஓர் ஐரோப்பிய நிறுவனம் வாங்கியது. பண்பாட்டுத் தழுவல் என்று பயிற்சி கொடுக்கிறார்கள். கூட்டங்களில் மேலாளரை மறுத்துப் பேசாதவர்களுக்கு ஆண்டு மதிப்பீட்டில் புள்ளி குறைகிறது. சிங்கப்பூரிலுள்ள வட்டாரத் தலைமையகம் அனுப்பிய விடுமுறைப் பட்டியலில் தைப்பூசமும் இல்லை. நாங்கள் மட்டும்தான் மாற வேண்டுமா?
- வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: பெரும்பாலும் வாங்கப்பட்டவர்களே மாறுகிறார்கள், அதை மறைத்து, இரு தரப்பும் சமமாக விட்டுக்கொடுப்பதாகப் பேசுவதுதான் கசப்பை வளர்க்கிறது. 1998இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் சமமானவர்களின் இணைப்பு என்ற அறிவிப்போடு ஒன்றாயின. இரு நாட்டு அதிகாரிகளின் வேலைமுறையும் சம்பளமும் வெகுவாக வேறுபட்டன என்பது உண்மையே. ஆனால், கிரைஸ்லரைத் தம் நிறுவனத்தின் ஒரு பிரிவாக வைத்துக்கொள்வதே தொடக்கம் முதல் தம் எண்ணம் என்று டைம்லர் தரப்புத் தலைவர் யூர்கன் ஷ்ரெம்ப் 2000இல் பத்திரிகைப் பேட்டியில் சொன்ன பிறகு, எந்தப் பயிற்சி வகுப்பால் அங்கே நம்பிக்கையை மீட்டிருக்க முடியும்? 2007இல் கிரைஸ்லரின் 80.1 விழுக்காட்டுப் பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது.

1972 முதல் அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானிய முதலாளிகளிடம் வேலை பார்த்துப் பழகிய வட்டாரம் உங்களுடையது. (தழுவலைப் பற்றி அங்கே வகுப்பெடுக்க ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும்.)

அதற்காகக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கேண்டீனில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதைப் பண்பாடு என்று நியாயப்படுத்தாதீர்கள். குறை தெரிந்தும் நீங்கள் சொல்லாவிட்டால் பழுதான சரக்கு வாடிக்கையாளர் வரை போய்விடும். பலர் முன்னிலையில் மறுக்கத் தயக்கமாக இருந்தால், கூட்டத்துக்கு முன்பே கருத்தை எழுதிக் கொடுக்க அனுமதி கேளுங்கள். அவ்வாறு எழுதிக் கொடுப்பவருக்கும் அதே புள்ளி உண்டா என்று மனிதவளப் பிரிவிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தைப்பூச விவகாரத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் சட்டம் முழுமையாக உங்கள் பக்கம் இல்லை. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆண்டுக்குக் கிடைக்க வேண்டிய 11 பொது விடுமுறைகளில் ஐந்து மட்டுமே கட்டாயமானவை. தைப்பூசமும் தீபாவளியும் அந்த ஐந்தில் இல்லை. மற்ற ஆறையும் அரசிதழில் வெளியான விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கிறார். சிங்கப்பூரோ 1968லேயே தைப்பூசத்தைப் பொது விடுமுறையிலிருந்து நீக்கிவிட்டது. அங்கிருந்து பட்டியல் போட்டவருக்கு அன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் கூடும் கூட்டம் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் இரு தரப்பும் ஒப்பினால் அந்த ஆறில் ஒரு நாளை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுப் பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வருவதற்கு முன்பே, எல்லாரும் கையெழுத்திட்டு எழுத்து மூலம் கேளுங்கள்.