ஐயாவையும் ஆச்சியையும் எடுக்க எந்த லென்ஸ்?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஐயாவுக்குச் சதாபிஷேகம் வருகிறது. ஐயாவையும் ஆச்சியையும் வளவில் (வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்) வைத்து நல்ல போர்ட்ரெய்ட் எடுக்க ஆசை. என்னிடம் இருப்பது கேனான் கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர். 85 மிமீ எஃப்/1.4 வாங்கவா, எஃப்/1.8 போதுமா, 135 மிமீ எஃப்/2 நல்லதா?

பதில்: 85 எஃப்/1.8 வாங்குங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், பின்னணி மங்கும். அதற்கு முன் டேப்பை எடுத்து வளவை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

உங்கள் கேமராவின் சென்சார் முழு ஃப்ரேமைவிடச் சிறியது, அதனால் 1.6 மடங்குக் கணக்கு. 85 போட்டால் 136 போலவும், 135 போட்டால் 216 போலவும் தெரியும். தலையும் தோளும் மட்டும் என்றால் 85-க்கு இரண்டே கால் மீட்டர் போதும். முழு உருவத்துக்கு ஏழரை மீட்டர் பின்னால் போகவேண்டும். 135 என்றால் பன்னிரண்டு. வளவின் குறுக்கே நின்றால் தூணில் முதுகு முட்டிவிடும்.

அதனால் வீட்டின் நீளவாக்கில் எடுங்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஆச்சியை வளவின் பின்பக்கத் தாழ்வாரத்தில், முகப்பைப் பார்த்து உட்கார வையுங்கள். வளவின் வெளிச்சம் முகத்தில் விழும். முதுகுக்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி என்று வாசல் வாசலாகத் தள்ளிப் போகும். பின்னணி அவ்வளவு தூரத்தில் இருந்தால் எஃப்/2.8-லேயே கரைந்துவிடும். நான் விசேஷ வீடுகளில் எடுக்கும்போது முதலில் தேடுவது இந்த வாசல் வரிசையைத்தான். இது கிடைத்த வீட்டில் 1.4-க்குக் காசு கொட்டவே வேண்டாம். அது 950 கிராம்; 1.8 வெறும் 425. கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சம் முக்கால் ஸ்டாப்கூட இல்லை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). 1.4-இல் நடுக்கம் குறைக்கும் ஐஎஸ் உண்டு, நல்ல வசதிதான். ஆனால் பேரப்பிள்ளை கூப்பிட்டு ஆச்சி சட்டென்று திரும்பினால் ஐஎஸ் காப்பாற்றாது, ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் குறையாமல் இருக்கவேண்டும்.

1.8 லென்ஸுக்கும் குறை உண்டு. 1992-இல் வந்த லென்ஸ் அது. முழுக்கத் திறந்தால் வைரத்தோட்டின் மினுக்கிலும் வெள்ளை வேட்டியின் ஓரத்திலும் ஊதா கசியும், 2.8-க்கு வந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். 1.8-இல் கூர்மை நிற்கும் ஆழமும் ஐந்து சென்டிமீட்டர்தான், கண் துல்லியமாக இருந்தால் காது மங்கும். இருவரையும் சேர்த்து எடுக்கும்போது எஃப்/4 வையுங்கள், இரண்டு முகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும்.

மிச்சப் பணத்தில் 50 எஃப்/1.8 ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆசி வாங்க ஆட்கள் நெருக்கி நிற்கும்போது 85-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

உச்சி வெயில் வளவுக்குள் நேரே இறங்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தரை ஆத்தங்குடிக் கல் என்றால் அதன் சிவப்பும் பச்சையும் தாடைக்கடியில் ஏறும். ஃப்ரேமுக்கு வெளியே, காலடியில், ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள்.