பில் எதை எண்ணுகிறது? செயலிக்கான கிளவுட் தரவுத்தளம்: கேள்வி பதில்

செயலி உருவாக்குபவர்கள், இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுப்பது குறித்தும் அதன் மாதச் செலவைக் கணிப்பது குறித்தும் கேட்டிருந்தவற்றில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விலைகளும் இலவச அளவுகளும் அடிக்கடி மாறுபவை. ஆகவே முடிவெடுக்கும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் பெரிதாக மாறுவதில்லை.

கேள்வி (மதுரை): ஐயா, மளிகைக் கடைகளுக்கான ஆர்டர் செயலி ஒன்றைத் தனி ஆளாக உருவாக்கி வருகிறேன். ஃபயர்ஸ்டோர், மாங்கோடிபி, போஸ்ட்கிரெஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

பதில்: போஸ்ட்கிரெஸ்ஸில் தொடங்குங்கள். அது தரவை ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளாக வைப்பது; கூகுளின் ஃபயர்ஸ்டோரும் மாங்கோடிபியும் ஒவ்வொரு பதிவையும் தனி ஆவணமாக வைப்பவை. வாடிக்கையாளர், ஆர்டர், ஆர்டரில் உள்ள பொருள்கள், இருப்பு, பணம் என்று உங்கள் தரவு முழுவதும் ஒன்றோடொன்று தொடர்புடையது. ஆர்டர் பதிவாகும்போது இருப்பும் குறைய வேண்டும், இரண்டில் ஒன்று தவறினால் மற்றதும் நடக்கக்கூடாது என்ற தேவைக்குத்தான் இவ்வகைத் தரவுத்தளங்கள் பிறந்தன. அதோடு, செயலி ஓடத் தொடங்கிய மூன்றாம் மாதம் கடைக்காரர், "தீபாவளி வாரத்தில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு எண்ணெய் போயிற்று?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை நீங்கள் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். எதிர்பாராத கேள்விக்கு ஒரே வினவலில் பதில் தருவதில், இவ்வகைத் தரவுத்தளங்களின் வினவல் மொழியான எஸ்க்யூஎல்லுக்கு இணை இன்னும் வரவில்லை.

வடிவம் நிலையில்லாத தரவு கொஞ்சம் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. 2014இல் வந்த 9.4 பதிப்பிலிருந்தே போஸ்ட்கிரெஸ்ஸில் அத்தகைய தரவை அப்படியே சேமிக்கும் ஜேசான்பி வகை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை விலை கட்டுப்படியாகவில்லை என்றால் முழுத் தரவையும் இறக்கி இன்னொரு நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ்ஸில் ஏற்றிவிடலாம். வெளியேறும் வழி திறந்திருப்பதும் செலவுக் கணக்கில் சேர்த்தியே.

ஃபயர்ஸ்டோர் பொருந்தும் இடம் வேறு: அரட்டை, டெலிவரி செய்பவர் எங்கே வருகிறார் என்று திரையில் நகரும் புள்ளி, இணையம் விட்டுவிட்டு வரும் ஊர்களில் கைப்பேசியிலேயே எழுதிவைத்துப் பிறகு ஒத்திசைப்பது ஆகியவற்றில் அது சிறப்பாக வேலை செய்யும்.

கேள்வி (ஈரோடு): நாங்கள் ஏற்கெனவே ஃபயர்ஸ்டோரில் இருக்கிறோம். பயனர்கள் ஆயிரம் பேர்தான், ஆனால் பில் ஏறிக்கொண்டே போகிறது. 500 பொருள்கள் கொண்ட பட்டியலை முகப்புத் திரையில் காட்டுகிறோம். இதில் என்ன தவறு?

பதில்: ஃபயர்ஸ்டோரின் பில் முதன்மையாக எண்ணுவது ஆவணங்களைத்தான். எத்தனை பயனர்கள் என்பதைவிட, ஒரு திரை திறக்கும்போது எத்தனை ஆவணங்கள் வாசிக்கப்படுகின்றன என்பதே உங்கள் செலவைத் தீர்மானிக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளொன்றுக்குப் பத்து முறை செயலியைத் திறக்கிறார், ஒவ்வொரு முறையும் 500 ஆவணங்கள் வாசிக்கப்படுகின்றன என்றால், ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 50 லட்சம் வாசிப்புகள். மாதத்துக்கு 15 கோடி. நாளொன்றுக்கு 50,000 வாசிப்புகள் என்ற இலவச அளவு இதில் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்கப் பன்மண்டலத்துக்கு (தரவைப் பல பகுதிகளின் தரவு மையங்களில் வைக்கும் அமைப்பு) நெடுநாள் நடப்பில் இருந்த, ஒரு லட்சம் வாசிப்புக்கு 0.06 டாலர் என்ற விலையில் பார்த்தால் மாதம் சுமார் 89 டாலர். விலை மண்டலத்துக்கு மண்டலம் வேறுபடும் என்றாலும் பெருக்கல் இதேதான்.

"500 பொருள்களையும் ஒரே ஆவணத்தில் வைத்துவிட்டால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். பொருளுக்கு 300 பைட் என்றால் மொத்தம் 150 கேபி. ஓர் ஆவணத்தின் உச்ச அளவான ஒரு எம்பிக்குள் தாராளமாக அடங்கும். வாசிப்புகள் நாளொன்றுக்குப் பத்தாயிரமாகக் குறைந்து இலவச அளவுக்குள் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் 150 கேபி வெளியே போகிறது, நாளொன்றுக்கு 1.5 ஜிபி, மாதத்துக்கு 45 ஜிபி. மாதம் 10 ஜிபிக்கு மேல் வெளியேறும் தரவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. தொகை முன்பைவிட மிகக் குறைவுதான் என்றாலும், இதைவிட நல்ல வழி இருக்கிறது. பட்டியலை ஜேசான் எனப்படும் ஓர் உரைக் கோப்பாக்கி, பயனருக்கு அருகிலிருந்து கோப்புகளை வழங்கும் சிடிஎன்னில் வைத்துவிட்டு, அதன் பதிப்பு எண்ணை மட்டும் ஃபயர்ஸ்டோரில் ஒரு சிறிய ஆவணமாக வையுங்கள். எண் மாறியிருந்தால் மட்டுமே செயலி புதிய கோப்பை இறக்கிக்கொள்ளும்.

இன்னும் இரண்டு கசிவுகளையும் பாருங்கள். யார் எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் பாதுகாப்பு விதிகளுக்குள் வேறோர் ஆவணத்தை எடுத்துப் பார்த்தால் அதுவும் வாசிப்பாக எண்ணப்படும். நிர்வாகத் திரையில் நீங்களே உட்கார்ந்து ஆவணங்களைப் புரட்டினாலும் எண்ணப்படும்.

கேள்வி (சென்னை): அமேசான் பராமரித்துத் தரும் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இயந்திரத்தின் மணிநேர விலையைப் பார்த்துப் பட்ஜெட் கொடுத்துவிட்டேன். வந்த பில் அதைவிட வெகு அதிகம். எதையெல்லாம் விட்டிருப்பேன்?

பதில்: மணிநேர விலையை, மாதத்தின் சராசரி மணிநேரமான 730ஆல் பெருக்கினால் வருவது இயந்திரத்தின் மாத வாடகை மட்டுமே. சேமிப்பிடத்துக்கு ஜிபி கணக்கில் தனிக் கட்டணம். ஒரு தரவு மையம் விழுந்தாலும் இன்னொன்றில் ஓடவேண்டும் என்று மல்ட்டி ஏஇசட் வசதியைத் தேர்ந்தெடுத்திருந்தால், மறைவில் இரண்டாவது இயந்திரம் ஒன்று ஓடுகிறது. வாடகையும் சேமிப்பிடமும் ஏறத்தாழ இரட்டிப்பு. இயந்திரத்துக்குப் பொது ஐபி முகவரி கொடுத்திருந்தால் 2024 பிப்ரவரியிலிருந்து அதற்கும் மணிக்கு 0.005 டாலர், மாதம் ஏறக்குறைய 3.65 டாலர். இவற்றின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி.

பலர் கவனிக்காத இன்னொன்று, பழைய பதிப்புக்கான கட்டணம். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் 5.7 போன்ற காலாவதியான பதிப்பில் தங்கிவிட்டால், நீட்டித்த ஆதரவு என்ற பெயரில் இயந்திரத்தின் ஒவ்வொரு விசிபியுவுக்கும் (மெய்நிகர் செயலகம்) மணிக்கணக்கில் கூடுதலாக வசூலிக்கப்படுகிறது. சிறிய இயந்திரங்களில் இந்தத் தொகை வாடகையையே மிஞ்சிவிடும். பதிப்பை உயர்த்துவதற்கான வேலை நாள்களையும் ஆண்டுத் திட்டத்தில் எழுதிவையுங்கள்.

சோதனைக்கான தரவுத்தளத்தை நிறுத்திவைத்தால் செலவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நிறுத்தியிருக்கும்போதும் சேமிப்பிடத்துக்குக் கட்டணம் உண்டு. ஏழு நாள் கழிந்தால் அது தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கும். சேமிப்பிடத்தை வேண்டும்போது கூட்டலாமே தவிர, கூட்டியதை அதே இயந்திரத்தில் எளிதாகக் குறைக்க முடியாது. ஆகவே 500 ஜிபியில் தொடங்காமல் 20 ஜிபியில் தொடங்கித் தேவைக்கேற்ப வளர விடுங்கள்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவி): இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இலவசத் திட்டங்களை நம்பலாமா?

பதில்: திட்டப்பணிக்குத் தாராளமாக நம்பலாம். மாங்கோடிபியின் கிளவுட் சேவையான அட்லஸ் இலவசத்தில் 512 எம்பி தருகிறது. போஸ்ட்கிரெஸ் சேவையான சூப்பாபேஸ் 500 எம்பி தருகிறது, ஆனால் ஒரு வாரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் திட்டம் இடைநிறுத்தப்படும். மதிப்பீட்டு நாளுக்கு முந்தைய மாலையே திறந்து பார்த்துவிடுங்கள்.

வாடிக்கையாளரின் தொழிலை மட்டும் இலவசத் திட்டத்தின் மேல் கட்டாதீர்கள். செயலிகளை ஓட்டித் தரும் ஹெரோக்கு தன் இலவசத் திட்டங்களை 2022 நவம்பரில் நிறுத்தியது. தரவுத்தளச் சேவையான பிளானட்ஸ்கேல் 2024 ஏப்ரலில் நிறுத்தியது. இரண்டிலும் முன்னறிவிப்பு இருந்தது. ஆயினும் சில வாரங்களில் தரவை இடம் மாற்றும் நிலைக்குப் பலர் தள்ளப்பட்டார்கள்.

கேள்வி (பெங்களூரு): அழைக்கும்போது மட்டும் எழுந்து ஓடும் அமேசானின் லாம்டா செயல்பாடுகளிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸை அழைக்கிறோம். கூட்டம் கூடினால் இணைப்புகள் தீர்ந்துவிட்டன என்ற பிழை வருகிறது. பெரிய இயந்திரம் வாங்கவேண்டுமா? அல்லது பயன்பாட்டுக்கேற்பத் தானே ஏறி இறங்கும் சர்வர்லெஸ் தரவுத்தளத்துக்கு மாறலாமா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு பிராசஸைத் தொடங்குகிறது. இயல்பு அமைப்பில் உச்சவரம்பு 100 இணைப்புகள். லாம்டாவோ ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் எழுந்து, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இணைப்பைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் பிஜிபவுன்சர் போன்ற இணைப்புத் தொகுப்பி ஒன்றை வைத்தால், நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் இருபது முப்பது உண்மையான இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும். சூப்பாபேஸும், சர்வர்லெஸ் போஸ்ட்கிரெஸ் தரும் நியானும் இதைத் தங்களுடனேயே தருகின்றன. அமேசானில் ஆர்டிஎஸ் பிராக்சி என்று தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. இணைப்புப் பிரச்சினைக்காக மட்டும் பெரிய இயந்திரம் வாங்குவது வீண்செலவு.

சர்வர்லெஸ் பற்றி: பகலில் இரண்டு மணி நேரம் மட்டுமே பயன்படும் அலுவலகச் செயலிக்கு, வேலையில்லாதபோது பூஜ்யத்துக்கு இறங்கும் தரவுத்தளம் லாபகரமானது. நியானில் இது தொடக்கத்திலிருந்தே உண்டு. அமேசானின் அரோரா சர்வர்லெஸ்ஸின் இரண்டாம் பதிப்பில் 2024 நவம்பரில்தான் வந்தது. ஆனால் நலமாக இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தரவுத்தளத்தைத் தட்டும் கண்காணிப்புக் கருவியை வைத்துவிட்டால், அது ஒருபோதும் உறங்காது. நீங்களும் முழு நேர வாடகை கட்டுவீர்கள். இரவும் பகலும் சீராகப் போக்குவரத்து உள்ள செயலிக்குச் சாதாரண இயந்திரமே மலிவு.

கேள்வி (திருச்சி): அமேசானின் டைனமோடிபி தரவுத்தளம் எவ்வளவு பெரிய சுமையையும் தாங்கும் என்கிறார்களே?

பதில்: தாங்கும். எந்தெந்தக் கேள்விகளைக் கேட்கப்போகிறீர்கள் என்று முதல் நாளே உறுதியாகத் தெரிந்திருக்கவேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. அதன் எழுத்துக் கட்டணம் ஒரு கேபி அலகில் கணக்கிடப்படுகிறது. 3.5 கேபி உள்ள ஒரு பதிவை எழுதினால் நான்கு அலகு. முழுப் பதிவையும் நகலெடுக்கும் இரண்டு துணை இண்டெக்ஸ்கள் (வேறு புலத்தைக் கொண்டு தேடுவதற்கானவை) இருந்தால் மொத்தம் பன்னிரண்டு அலகு. ஸ்கேன் செய்து, அதாவது எல்லாப் பதிவுகளையும் புரட்டி, வடிகட்டினால், வடிகட்டிய பின் கிடைத்த பத்துப் பதிவுகளுக்கு அல்ல, வடிகட்டுவதற்கு முன் புரட்டிய அத்தனைக்கும் கட்டணம். அறிக்கைகள் நிறையத் தேவைப்படும் செயலிக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கள் செயலியில் உள்ளடக்கம் முழுவதும் தமிழ். சேமிப்பிடக் கணக்கு மாறுமா?

பதில்: மாறும். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் (எழுத்துக்கோ கால், கொம்பு போன்ற குறிக்கோ யூனிகோடில் உள்ள எண்) மூன்று பைட் தேவை; உயிர்மெய்யில் அகர வரிசையைத் தவிர மற்றவையும் புள்ளி வைத்த மெய்யும் இரண்டு குறியீடுகளால் ஆனவை. 'தமிழ்நாடு' என்பதில் நாம் காணும் எழுத்து ஐந்து, குறியீடு ஒன்பது, பைட் இருபத்தேழு. பெயர்ப் புலத்துக்கு நீள வரம்பு வைப்பவர்கள், தரவுத்தளம் குறியீடுகளை எண்ணுகிறதே ஒழிய நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை அல்ல என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும். முன் கேள்வியில் சொன்ன ஒரு கேபி அலகு, ஆங்கில உரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகளுக்குப் போதும். தமிழில் சுமார் 340 குறியீடுகளுக்குத்தான் வரும்.

மைஎஸ்க்யூஎல் என்றால், ஒரு குறியீட்டுக்கு நான்கு பைட் வரை இடம் தரும் யூடிஎஃப்8எம்பி4 அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய யூடிஎஃப்8 அமைப்பில் தமிழ் சேமிக்கப்படும், ஆனால் பயனர் ஓர் எமோஜி சேர்த்தால் பிழை வரும். மேலும், 'கொ' என்பதைக் கொம்பும் காலும் தனித்தனியாகவோ ஒரே குறியீடாகவோ தட்டச்சு செய்யமுடியும் என்பதால், சேமிக்கும் முன், ஒரே குறியீடாக இணைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தேடலில் பாதி கிடைக்காது.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்களுக்கு அருகில் எந்தக் கிளவுட் மண்டலம் (தரவு மையங்கள் உள்ள பகுதி)?

பதில்: அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றுக்கும் இலங்கையில் மண்டலம் இல்லை. அமேசானிலும் கூகுளிலும் மும்பை, சிங்கப்பூர் இரண்டையும், மைக்ரோசாஃப்டின் அஷூரில் சென்னையிலுள்ள தென்னிந்திய மண்டலத்தையும் உங்கள் பயனர்களின் இணைப்பிலிருந்தே அளந்து பாருங்கள். வரைபடத்தில் அருகில் இருப்பது கேபிள் வழியில் அருகில் இருக்கவேண்டியதில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சர்வரும் தரவுத்தளமும் ஒரே மண்டலத்தில் இருக்கட்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பணப் பரிவர்த்தனைத் தரவைக் கையாள்பவர்களுக்கு, அதை இந்தியாவிலேயே சேமிக்கவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் ஆணை இருக்கிறது. ஃபயர்ஸ்டோரில் ஒருமுறை தேர்ந்தெடுத்த இடத்தைப் பிறகு மாற்றமுடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி (நெல்லை): படங்களைத் தரவுத்தளத்திலேயே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அமேசானின் எஸ்3 போன்ற கோப்புக் கிடங்கில் படத்தையும், தரவுத்தளத்தில் அதன் முகவரியையும் வையுங்கள். தரவுத்தளத்தின் ஒரு ஜிபி, கிடங்கின் ஒரு ஜிபியைவிடப் பல மடங்கு விலை.

கேள்வி (கோவை): கிளவுட் கணக்கில் பட்ஜெட் ஐயாயிரம் ரூபாய் என்று அமைத்துவிட்டேன். அதைத் தாண்டாது அல்லவா?

பதில்: தாண்டும். கூகுளிலும் அமேசானிலும் பட்ஜெட் என்பது அடிப்படையில் மின்னஞ்சல் எச்சரிக்கை. அது தானாகச் சேவையை நிறுத்திவிடாது. அதிலும் செலவுக் கணக்கு சில மணி நேரம் தாமதமாகவே வந்துசேரும். ஓர் ஆவணம் மாறினால் இயங்கும் செயல்பாடு, அதே ஆவணத்தைத் திரும்ப எழுதினால் முடிவில்லாச் சுழலாகி இரவோடு இரவாக லட்சக்கணக்கில் எழுதித் தள்ளும். செயல்பாடு ஒரே நேரத்தில் எத்தனை நகல்களாக ஓடலாம் என்பதற்கு உச்சவரம்பு வையுங்கள். ஒவ்வொரு வினவலிலும், எத்தனை பதிவுகள் வரலாம் என்ற லிமிட் வையுங்கள். எச்சரிக்கையை மாதத் தொகைக்கு மட்டுமின்றி அதில் பாதிக்கும் காற்பங்குக்கும் வையுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): ஒரு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து நானே போஸ்ட்கிரெஸ் நிறுவினால் பாதிச் செலவில் முடிகிறதே?

பதில்: பணக்கணக்கில் முடியும். பேக்கப், பதிப்பு உயர்வு, பாதுகாப்புத் திருத்தம் ஆகியவற்றுக்கான உங்கள் நேரத்துக்கும் ஒரு விலை போட்டுப் பார்த்த பிறகும் கட்டுப்படியானால் தாராளமாகச் செய்யுங்கள். பேக்கப் எடுப்பதோடு நிறுத்தாமல், அதை வேறோர் இயந்திரத்தில் ஏற்றிப் பார்ப்பதையும் மாதந்தோறும் செய்யவேண்டும். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். மீட்கப் போனபோதுதான், அவர்கள் நம்பியிருந்த பேக்கப் முறைகள் பல வேலையே செய்யவில்லை என்று தெரிந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அந்த நிறுவனமே இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

கேள்வி (ஓசூர்): வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விலைப்புள்ளியில் தரவுத்தளச் செலவை எப்படிக் காட்டுவது?

பதில்: உங்கள் கட்டணத்துக்குள் அதை மறைக்காதீர்கள். தொடக்கத்தில், பயனர்கள் பத்து மடங்கானால், பண்டிகை நாள் உச்சத்தில் என்று மூன்று நிலைகளுக்குத் தனித்தனியாகக் கணக்கிட்டு, எந்த அனுமானத்தில் அந்த எண் வந்தது என்பதையும் எழுதிக் கொடுங்கள். டாலர் விலையில் இருப்பவற்றுக்கு ரூபாய் மதிப்பு மாறும் என்றும், ஜிஎஸ்டி தனி என்றும் குறிப்பிடுங்கள். கிளவுட் கணக்கை வாடிக்கையாளரின் பெயரிலும் அவருடைய ஜிஎஸ்டி எண்ணிலும் திறந்து, அவருடைய கார்டையே இணைத்துவிட்டு, நிர்வாக அனுமதியை மட்டும் நீங்கள் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராகவும் உள்ளீட்டு வரி வரவுக்குத் தகுதியானவராகவும் இருந்தால், கட்டிய வரியை அவர் சரிக்கட்டிக்கொள்ளலாம். உங்கள் ஒப்பந்தம் முடிந்தாலும் தரவு அவரிடமே இருக்கும்.