பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளி: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். பத்தாம் வகுப்பில் 452 மதிப்பெண்; கணக்கில் மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறாள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க ஆசை. நாமக்கல் பக்கம் விடுதியோடு உள்ள ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கச் சொல்கிறார் என் அண்ணன். வருடம் இரண்டரை லட்சம். கணவருக்கு ஓசூர் கம்பெனியில் 28,000 ரூபாய் சம்பளம், இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. வங்கியில் 3 லட்சம் டெபாசிட், செல்வமகள் கணக்கில் 1.8 லட்சம், 12 பவுன் நகை. நகையை அடகு வைக்கலாமா? மகன் ஏழாவது, அரசுப் பள்ளிதான்.

பதில்: வைக்காதீர்கள் அம்மா. உங்கள் அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பள்ளியை மாற்றினால் போகப்போவது ஐந்து லட்சம் மட்டும் இல்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. பொறியியல் கலந்தாய்வில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் ஐந்து வருடம் முடித்துவிட்டாள். கடைசி இரண்டு வருடத்துக்குத் தனியார் பள்ளிக்குப் போனால் அந்தத் தகுதி போய்விடும். அப்புறம் நான்கு வருடக் கல்லூரிச் செலவும் உங்கள் தலையில்தான். கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே நிபந்தனைதான். பொறியியல் படித்தால் நான்கு வருடத்தில் 48,000 ரூபாய்.

சரி, கணக்கில் தடுமாறுகிறாளே என்பது நியாயமான கவலை. பணத்தை அங்கே செலவு செய்யுங்கள். பொறியியல் கட் ஆஃப், அதாவது கலந்தாய்வு வரிசைக்கான பிளஸ் டூ மதிப்பெண், 200-க்குப் போடுவது. கணக்கு 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக, 50-50. கணக்கில் 80, இயற்பியலில் 84, வேதியியலில் 86 என்றால் 80+42+43, மொத்தம் 165. கணக்கில் பத்து மதிப்பெண் கூடினால் கட் ஆஃப் 175. அதே பத்து இயற்பியலில் கூடினால் 170 தான். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து டியூஷன் வைக்காதீர்கள். கணக்குக்கு மட்டும், நன்றாகச் சொல்லித் தருகிற ஒரே ஒருவரிடம், ஜூன் மாதமே சேர்த்துவிடுங்கள். மாதம் 2,000 ரூபாய் என்றாலும் பத்து மாதத்துக்கு 20,000. பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு வந்த பிறகு டியூஷன் தேடுகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பிளஸ் ஒன் கணக்கு பிடிபடாமல் பிளஸ் டூ கணக்கு ஓடாது.

ஒருவேளை அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடமே காலி என்றால் பள்ளியை மாற்றலாம், ஆனால் கிருஷ்ணகிரியில் இன்னொரு அரசுப் பள்ளிக்கு. விடுதி வேண்டும் என்றால் மாவட்டத்து அரசு மாதிரிப் பள்ளியைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள். பிளஸ் ஒன்னில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். தேர்வானால் இரண்டு வருடம் மாதம் 1,500 ரூபாய்.

இப்போது பணம். 3 லட்சத்தில் ஒரு லட்சம் வீட்டு அவசரத்துக்கு. மீதி இரண்டு லட்சம் வங்கி டெபாசிட்டிலேயே இருக்கட்டும். இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையிலோ, தெரிந்தவர் நடத்தும் சீட்டிலோ போடக் கூடாது. சம்பளத்தில் மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால் 24 மாதத்தில் வட்டியோடு ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டும். மாங்காய் காசு வருகிற நேரமும் கல்லூரி சேர்க்கை நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். காய் விலை சரிந்த வருடங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள், அதனால் தோப்பு வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமலே திட்டம் போடுங்கள்.

செல்வமகள் கணக்கை இப்போது தொடாதீர்கள். கல்லூரியில் சேரும்போது, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை, கட்டண ரசீதைக் காட்டி எடுக்கலாம். ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் போனால் அந்தப் பணமும், குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகையும் கை கொடுக்கும். அதற்கும் பற்றாவிட்டால் கல்விக் கடன் வாங்குங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. நகைக் கடன் அப்படிக் காத்திருக்காது. பர்கூரிலும் தர்மபுரி செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. விருப்பப் பட்டியலில் இரண்டையும் மறக்காமல் போடுங்கள்.

இந்த விடுமுறையிலேயே சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். மகள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்துவிடுங்கள். மகனும் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படிக்கட்டும், அவனுக்கும் 7.5 சதவீதம் உண்டு, மாதம் 1,000 ரூபாய்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் உண்டு. எட்டாம் வகுப்புக்கு வந்ததும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். அதில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் கிடைக்கும்.